இனி கையெழுத்து உன்னுடையது

அன்புள்ள மகளுக்கு,

மற்றவர்கள் ஒரே அமர்வில் ரூட் கெனால் முடிக்கிறார்கள், நான் மட்டும் இழுத்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். வேகம் தானாக வரும். நான் யோசிப்பது வேறு. பல் மருத்துவக் கல்லூரியில் பல்லைத் திறந்ததும் ஆசிரியரின் ஒரு கையெழுத்து, வேரின் நீளம் பார்த்த எக்ஸ்ரேக்கு ஒரு கையெழுத்து என்று படிக்குப் படி உன்னை நிறுத்த ஆள் இருந்தார். திட்டு வாங்கினாலும் நோயாளி தப்பித்தார். இனி உன்னை நீயே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பல் பிடுங்குவதற்கு முன் எந்தப் பல் என்று நோயாளியை விரல் வைத்துக் காட்டச் சொல். அவர் காட்டுவதும் எக்ஸ்ரேயும் கேஸ் ஷீட்டும் ஒத்துப்போகாவிட்டால் ஃபோர்செப்ஸைக் கீழே வை. கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு ஊசி போட்டு, உதடு மரத்துவிட்டது என்று அவர் சொன்னவுடனே டிரில்லை எடுக்காதே. பல்லின் நரம்பு அழற்சியில் இருந்தால், உதடு மரத்த பிறகும் பல் மரத்திருக்காமல் போகலாம். குளிர் ஸ்ப்ரே நனைத்த பஞ்சை வைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்கு. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கும் விரல்களைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

வேர் ரொம்ப வளைந்திருந்தால், நிபுணரிடம் அனுப்புகிறேன் என்று திறப்பதற்கு முன்பே சொல்லிவிடு. வேருக்குள் விடும் மெல்லிய ஊசிபோன்ற கருவியான ஃபைல் உள்ளேயே உடைந்த பிறகு சொன்னால் அதே வார்த்தை வேறு மாதிரி கேட்கும். பல் எடுத்த குழியில் ரத்தக்கட்டு கலைந்து வலிக்கும் ட்ரை சாக்கெட்டும் அப்படித்தான். பல் எடுத்த மூன்றாம் நாள் வாக்கில் வலி கூடிக் காதுவரை தெறிக்கலாம், அப்படியானால் உடனே வாருங்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவர் நேராக உன்னிடம் வருவார். சொல்லாவிட்டால் நீ கெடுத்துவிட்டாய் என்றுதான் நினைப்பார்.

கட்டணம் சொல்லும்போது உன் குரல் இறங்கிவிடுகிறது என்றாயே, எனக்குச் சிரிப்பு வந்தது. சின்ன வயதில் மார்க் ஷீட் நீட்டும்போதும் அப்படித்தான். தொகையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள், அவர் யோசிக்கட்டும்.

அப்புறம், மேல் கடைவாய்ப்பல்லை வாய்க்குள் வைக்கும் சின்னக் கண்ணாடியில் பார்த்தே வேலை செய்யப் பழகு. குனிந்து எட்டிப் பார்க்கும் கழுத்து நெடுநாள் தாங்காது.

புது கிளினிக்கில் சேர்வதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள். உன் பங்கு, போட்ட பில்லிலா, வசூலான பணத்திலா? லேப் செலவு யார் தலையில்? பல்லுக்கு மேல் மாட்டும் கேப் சரியாக உட்காராமல் திரும்பச் செய்தால் அது யார் கணக்கு? வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வேண்டும். ஒப்பந்தத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா