தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு மடல்: அடுத்த நிதி கிரீன்ஸ்பரோவுக்குப் போகட்டும்

வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களின் தலைவர்களுக்கும் செயற்குழு நண்பர்களுக்கும் வணக்கம்.

ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் சேர்ந்ததில் உங்கள் உழைப்பு பெரிது. தமிழ்நாடு அரசு தந்த 10 கோடி ரூபாயோடு, ஊர் ஊராக நீங்கள் திரட்டிய தொகையும் சேர்ந்து 2018-இல் அந்த இலக்கு எட்டப்பட்டது. அதில் எனக்குக் குறையேதும் இல்லை. ஆனால் 5,000 கோடி டாலருக்கு மேல் கையிருப்பு உள்ள பல்கலைக்கழகத்துக்கே நம்மால் கொடுக்க முடிந்திருக்கிறது. வரவேண்டிய பணமே வராத ஒரு பல்கலைக்கழகத்துக்கும் கொடுக்கலாமே.

வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் இருக்கும் ஏ அண்ட் டி (வேளாண்மை, தொழில்நுட்ப) மாநிலப் பல்கலைக்கழகத்தைத்தான் சொல்கிறேன். வேளாண்மையும் பொறியியலும் கற்பிக்க மத்திய அரசின் பணம் வேண்டும் என்றால், கறுப்பின மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையேல் அவர்களுக்கென்று தனிக் கல்லூரி நடத்திப் பணத்தை நியாயமாகப் பிரித்துக் கொடுங்கள் என்றது 1890-ஆம் ஆண்டுச் சட்டம். தென் மாநிலங்கள் எதைத் தேர்ந்தெடுத்தன என்று சொல்லவே வேண்டாம். 1891-இல் ஏ அண்ட் டி பிறந்தது அப்படித்தான். வெள்ளை மாணவர்களுக்கு மாநிலத் தலைநகர் ராலேயில் ஏற்கெனவே ஒரு கல்லூரி இருந்தது.

தனிக் கல்லூரி வந்தது. நியாயமான பங்குதான் வரவில்லை. 2023 செப்டம்பரில் மத்திய கல்வி அமைச்சரும் வேளாண் அமைச்சரும் 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். முப்பது ஆண்டுகளில் இப்படிப்பட்ட பல்கலைக்கழகங்களுக்குச் சேராமல் போன தொகை 1,200 கோடி டாலருக்கு மேல் என்பது அவர்கள் கணக்கு. ஏ அண்ட் டிக்கு மட்டும் 200 கோடிக்கு மேல்.

இந்தப் பற்றாக்குறையோடுதான், நாட்டிலேயே மிக அதிகமான கறுப்பினப் பொறியியல் பட்டதாரிகளை அது உருவாக்கி வருகிறது. சேலஞ்சர் விண்கல விபத்தில் இறந்த விண்வெளி வீரர் ரொனால்ட் மெக்நேர் அங்கே இயற்பியல் படித்தவர். 1960 பிப்ரவரி 1 அன்று, வெள்ளையருக்கு மட்டுமே பரிமாறிய உல்வொர்த் கடையின் உணவு மேசைமுன் போய் உட்கார்ந்து காபி கேட்ட நால்வரும் அதன் முதலாண்டு மாணவர்கள். கறுப்பின மக்களின் அந்த உரிமைப் போராட்ட அலை இல்லாமல் 1965-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் அவ்வளவு சீக்கிரம் வந்திருக்குமா? நம்மில் பலருடைய அப்பாவோ மாமாவோ இங்கே கால்வைத்தது அந்தச் சட்டம் திறந்த வழியில்.

சரி, எப்படிக் கொடுப்பது? இருக்கை வேண்டாம், பெயர்ப்பலகை வேண்டாம். சில நூறு டாலர் கட்டணப் பாக்கி நின்றாலே அடுத்த பருவத்துக்குப் பதிவு செய்ய முடியாமல் போகிற மாணவர்கள் உண்டு, கடைசி ஆண்டிலும்கூட. அவர்களுக்குக் கைகொடுக்கும் அவசர நிதிக்குத்தான் நம் அளவிலான பணம் பொருந்தும். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர், இதில் அரிசிதான் வாங்கவேண்டும் என்று நிபந்தனை போடுவதில்லை. பெரும் கொடையாளர் மெக்கன்சி ஸ்காட் 2020-இல் ஏ அண்ட் டிக்கு 4.5 கோடி டாலர் தந்ததும் அப்படித்தான், எதற்குச் செலவிட வேண்டும் என்று சொல்லாமல்.

பெரிய தொகை சொன்னால்தான் மதிப்பு என்று நினைக்க வேண்டாம். 2024-இல் இதே வகையைச் சேர்ந்த புளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு மேடையில் 23.7 கோடி டாலர் நன்கொடை அறிவிக்கப்பட்டது. அது கைக்கு வராமலே போனது. பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலகினார்.

நம் ஆட்கள் வேலை பார்க்கும் நிறுவனங்கள் பலவும் ஊழியர் தரும் நன்கொடைக்குச் சமமாகத் தாங்களும் தருகின்றன. சங்கத்தின் பெயரில் ஒரே காசோலையாகப் போடுவதைவிட, உறுப்பினர்கள் தனித்தனியே கொடுத்து, நிறுவனத்தின் பங்கையும் கேட்டு வாங்குவது லாபம்.

மாநிலம் செய்யவேண்டிய வேலையை நாம் ஏன் செய்யவேண்டும் என்று செயற்குழுவில் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. நாம் கொடுப்பது 200 கோடியில் தூசுகூட இல்லை. அந்தக் கடன் மாநிலத்தின் கடன்தான். ஆகவே வட கரோலினாவில் வாக்குரிமை உள்ளவர்கள் நன்கொடையோடு தங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதமும் எழுத வேண்டும். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால், கடிதத்தை எழுதுங்கள்.

ராலே பக்கத்துச் சங்கத்தார் முதலில் போய்ப் பேசலாம். காரில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. பொன்னாடையையும் ஆளுயர அட்டைக் காசோலையையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
சங்கத்தின் பழைய உறுப்பினர் ஒருவர்