பெண் எடுத்தால் பெண் கதைதானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பெண் இயக்குநர்களைப் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் பாதிவரை தலையாட்டிக்கொண்டேதான் படித்தேன். ஆனால் பெண்கள் படம் எடுக்க வந்தால் பெண்களின் பிரச்சினையைத்தான் பேச வேண்டும் என்கிற மாதிரி முடித்திருந்தாரே, அங்கேதான் எனக்கு ஒத்துப்போகவில்லை.

கேத்ரின் பிகலோவின் 'தி ஹர்ட் லாக்கர்' படத்தில் ஏறக்குறைய எல்லாருமே ஆண்கள். ஈராக், வெயில், வெடிகுண்டைச் செயலிழக்க வைக்கும் சிப்பாய்கள், அவ்வளவுதான். 1929இல் தொடங்கிய ஆஸ்கரில் சிறந்த இயக்குநர் விருதை ஒரு பெண் முதன்முதலாக வாங்கியது 2010இல், அதுவும் இந்தப் படத்துக்கு. கட்டுரையாளர் கணக்கில் அவர் கடமை தவறியவர் போல!

சரி, அப்போது பெண் இயக்கினால் ஒரு வித்தியாசமும் இல்லையா? இருக்கலாம், ஆனால் அதைப் பெண் பாத்திரங்களை எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது. ஜேன் கேம்பியனின் 'தி பவர் ஆஃப் தி டாக்' முழுக்க மாட்டுப்பண்ணையும் முரட்டு ஆண்களும்தான். அதில் ரோஸ் புதுப் பியானோவில் தட்டுத்தடுமாறி ஒரு மெட்டைப் பழகுவாள். மாடியிலிருந்து கணவனின் அண்ணன் அதே மெட்டை பாஞ்சோ என்கிற தந்தி வாத்தியத்தில் அவளைவிடச் சுத்தமாக வாசிப்பான், அவள் நிறுத்தினால் அவனும் நிறுத்துவான். கை ஓங்கவில்லை, ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. அப்புறம் கவர்னர் விருந்துக்கு வரும் நாளில் அவளால் வாசிக்கவே முடிவதில்லை. நம் ஊரில் இந்த இடத்தில் பளாரென்று ஓர் அறையை வைத்திருப்பார்கள்.

நம் பக்கமும் பாருங்களேன். போலீஸும் ரவுடியும் மோதும் 'விக்ரம் வேதா'வை இயக்கிய இருவரில் ஒருவர் காயத்ரி. மதுமிதாவின் 'கே.டி.'யில் தலைக்கூத்தலுக்கு, அதாவது வீட்டாரே முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாகவிடும் வழக்கத்துக்கு, தப்பி ஓடும் ஒரு தாத்தாவும், ஒரு பொடியனும், நிறைய பிரியாணியும். இவர்களை ஏன் மகளிர் தினச் சிறப்பிதழில் மட்டும் தேடிப்பிடிக்கிறோம்?

டி.பி. ராஜலட்சுமி 1936லேயே 'மிஸ் கமலா'வை இயக்கிவிட்டார். அப்படியிருந்தும் தமிழில் படம் இயக்கும் பெண்களின் பெயர்களை இன்றைக்கும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஆள் குறைவு என்பதால்தான் வருகிற ஒவ்வொருவர் தலையிலும் மொத்தப் பெண்களின் பாரத்தையும் ஏற்றிவைக்கிறோம், படம் ஓடாவிட்டால் 'பெண்களுக்கு இது சரிப்படாது' என்று வேறு சொல்லிவிடுகிறோம். ஒரு ஆண் எடுத்த படம் ஊத்திக்கொண்டால் யாராவது ஆண்களையே ஒதுக்குகிறார்களா என்ன?

ஒரு வேண்டுகோள். கதாநாயகிக்கு இரண்டு பாட்டும் நாலு வசனமும் கொடுத்துவிட்டு வசூல் கணக்கு பேசும் ஆண் இயக்குநரிடம், 'உங்கள் படத்தில் பெண்கள் எங்கே சார்?' என்று உங்கள் நிருபர் ஒருமுறை கேட்கட்டும். பதிலை வெட்டாமல் முழுசாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி