ஹபெல் கடை அக்காவுக்கு நன்றி

அமெரிக்காவின் அரிசோனாவில், நவஹோ என்ற பூர்வகுடி மக்களின் நிலத்தில், கனாடோ ஊரில் இருக்கிறது ஹபெல் வணிக நிலையம். 1878-இல் ஜான் லொரென்சோ ஹபெல் வாங்கிய கடை. அந்தக் காலத்தில் ஆட்டு ரோமமும் கம்பளமும் கொடுத்து மாவு, சர்க்கரை, காப்பி வாங்கிப் போவார்கள். 1965-இல் தேசிய வரலாற்றுத் தலமான பிறகும் கடை மூடப்படவில்லை. அதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

கம்பள அறையில் எங்களுக்கு உதவிய அக்காவுக்குத்தான் இந்த நன்றி. முட்டிவலியோடு நின்ற என் அம்மாவுக்குக் கேட்காமலே நாற்காலி கொண்டுவந்து போட்டார். அப்புறம் ஒரு சிவப்புக் கம்பளத்தை விரித்து, புரட்டிக் காட்டினார்: இரண்டு பக்கமும் ஒரே கோலம். அதிலிருந்த சாம்பல் நிறம் சாயமே இல்லையாம். கறுப்பு, வெள்ளை ரோமத்தைச் சேர்த்துச் சிக்கெடுத்து நூற்றதாம். அம்மாவின் விரலைப் பிடித்து ஓரத்தைத் தடவவைத்தார். பாவு நூல், அதாவது நெடுக்காக ஓடும் நூல், எங்கும் வெட்டப்படவில்லை, அதனால் குஞ்சம் கிடையாது.

நடுவில் உள்ளூர்க்காரர் ஒருவர் சாமான் வாங்க வந்தார். அவரிடம் நவஹோ மொழியில் பேசி அனுப்பிவிட்டு, விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தார். நாங்கள் எதுவும் வாங்கவில்லை. அவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை. ரொம்ப நன்றி அக்கா. அம்மா இன்னும் உங்களைப் பற்றித்தான் பேசுகிறார்.