சேலம் அரசு கலைக் கல்லூரிக்குப் புரவலர் திட்டம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

1857இல் தோன்றிய சேலம் அரசு கலைக் கல்லூரியில், ஏற்காட்டு மலைக் கிராமங்கள் உட்படப் பல ஊர்களிலிருந்து, குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்பை எட்டும் பிள்ளைகள் பயில்கிறார்கள். நம் பொது நூலகங்களில் 1,000 ரூபாய் செலுத்தி எவரும் புரவலராகச் சேரும் நல்ல முறை இருப்பதுபோல, இக்கல்லூரிக்கும் முன்னாள் மாணவர்கள், வணிகர்கள், வெள்ளிப் பட்டறை உரிமையாளர்கள் ஆகியோர் சேரத்தக்க புரவலர் திட்டம் ஒன்றைக் கல்லூரி நிர்வாகம் அரசின் ஒப்புதலோடு தொடங்க வேண்டும். செலுத்தப்படும் அசல் தொகையைத் தொடாமல் வங்கியில் வைப்பு நிதியாக வைத்து, வட்டியை மட்டும் தேர்வுக் கட்டணத்துக்கும் நூல்களுக்கும் ஆய்வகக் கருவிகளுக்கும் செலவிடலாம். கட்டடத்தில் பெயர் பொறிப்பதைவிட இதுவே மேலான கொடை என்பது என் உறுதியான கருத்து. ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கைக் கல்லூரி அறிவிப்புப் பலகையில் வெளியிட்டால், சிறு தொகை தருவோரும் தயங்காமல் முன்வருவார்கள்.

இப்படிக்கு,
முன்னாள் மாணவர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.