பால் வடிஞ்சா போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்,

ஞாயித்துக்கிழமை பேப்பர்ல காட்டுக்காளான் பத்தி வந்த கட்டுரைல உடைச்சா பால் வர்ற காளான் எல்லாம் சாப்பிடலாம்ங்கற மாதிரி ஒரு வரி இருந்துச்சு, அதை அப்படியே விட மனசு வரல. முதல்ல இது வளர்க்கிற பால் காளான் இல்ல, அது வெள்ளையா இருக்கறதால வந்த பேரு, வேற இனம். நான் சொல்றது லாக்டேரியஸ்ங்கற காட்டுக்காளான் வகை, அதுல பல இனம் இருக்கு.

குடையைத் திருப்பி அடியில இருக்கற மடிப்பை நகத்தால லேசா கீறுங்க, துளித்துளியா பால் வரும். காம்பு நார் நாரா கிழியாம சாக்பீஸ் மாதிரி டக்னு உடையும். இதோட இது லாக்டேரியஸ் வகைன்னு மட்டும்தான் தெரியும், எந்த இனம்னு தெரியாது.

அந்தப் பாலை வெள்ளை டிஷ்யூல ஒத்தி எடுத்துட்டுப் பாருங்க. கிரைசோரியஸ்ங்கற இனத்துல வெள்ளையா வந்த பால் சில நொடியிலேயே மஞ்சளாயிடும், டெலிசியோசஸ்ங்கற இனத்துல ஆரம்பமே கேரட் கலர், அடிபட்ட இடம் போகப்போக பச்சையாகும், இதைத்தான் சாப்பிடுவாங்க. டார்மினோசஸ்ங்கற இனத்துல வெள்ளைப் பால்தான், நிறமும் மாறாது, ஆனா ஓரத்துல கம்பளி மாதிரி ரோமம், பச்சையா தின்னா வயித்தைப் புரட்டி எடுத்துடும்.

பக்கத்துல என்ன மரம்னு பாக்காம விட்டுடறாங்க, அதான் எனக்குக் கடுப்பு. இது மர வேரோட சேர்ந்து வாழற காளான், டெலிசியோசஸ் பைன் மரத்துகிட்ட, டார்மினோசஸ் பிர்ச் மரத்துகிட்ட வரும். அப்புறம் காஞ்சுபோன காளான்ல பாலே வராது, அதனால பால் வரலன்னா லாக்டேரியஸ் இல்லன்னும் சொல்ல முடியாது. போட்டோ போடறவங்க மேல்பக்கம் மட்டும் எடுக்காம அடிப்பக்கமும் கீறின இடமும் மரமும் சேத்து எடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்