வைரல் லோடு சரி, மூச்சு ஏன் வாங்குகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எச்.ஐ.வி. இனி சர்க்கரை நோய் மாதிரிதான் என்ற தொனியில் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பயத்தைப் போக்க எழுதியது, நல்ல விஷயம். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவு மூலம் அடுத்தவருக்குத் தொற்றாது என்று பளிச்சென்று எழுதியதற்குத் தனியாக நன்றி. இதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லத் தயங்குகிறவர்கள்தான் அதிகம்.

ஆனால் கட்டுரை முழுக்கப் பெரியவர்களைப் பற்றியது. தாயிடமிருந்து தொற்றோடு பிறந்து, இன்று பதினைந்து, பதினெட்டு வயதில் நிற்கிற பிள்ளைகளுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. வைரஸ் தெரியவில்லை என்றால் உடம்பில் வேறு வம்பில்லை என்பது அவர்கள் விஷயத்தில் அப்படியே பொருந்தாது. எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

என்னிடம் ஒரு பையன் வந்துகொண்டிருந்தான். பெற்றோர் இல்லை, அம்மாச்சிதான் கூட்டி வருவார். ஏழு வயதில்தான் கூட்டு மருந்து தொடங்கியது. அதற்குள் காசநோய் ஒரு தடவை வந்து போயிருந்தது, நிமோனியா என்று ஆஸ்பத்திரியில் படுத்ததற்குக் கணக்கே இல்லை. பதினேழு வயதில் வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்ப்பது) முடிவில் 'டி.என்.டி.' என்று வந்தது, அதாவது வைரஸ் தட்டுப்படவில்லை. எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சிடி4 செல்களின் எண்ணிக்கையும் திருப்தி. எங்கள் கணக்கில் அவன் நூற்றுக்கு நூறு. ஆனால் மாடிப்படி ஏறி வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அவனால் பேச முடியாது. தோளைத் தூக்கி இரண்டு மூன்று தடவை மூச்சை இழுத்துவிட்டு, அப்புறம்தான் "வணக்கம் மேடம்" வரும். விரல் நுனிகள் பருத்து, நகங்கள் கீழ்நோக்கி வளைந்திருக்கும். பார்த்தால் பன்னிரண்டு வயதுக்கு மேல் சொல்ல முடியாது. "சின்னதுல இருந்தே இவனுக்கு இளைப்புதாம்மா, பழகிப்போச்சு" என்பார் அம்மாச்சி. ஒரு நாள் அவனே கேட்டுவிட்டான்: "எல்லாம் நார்மல்னு சொல்றீங்க, அப்புறம் எதுக்கு மேடம் மூச்சு வாங்குது?"

நெஞ்சு நோய்ப் பிரிவுக்கு அனுப்பினோம். ஊதிப் பார்க்கும் கருவியில், வெளிவிடும் காற்று அந்த வயதுக்கு இருக்க வேண்டியதைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. இன்ஹேலர் கொடுத்தும் பெரிய மாற்றம் இல்லை. ஆஸ்துமா என்றால் மருந்துக்குக் கொஞ்சமாவது திறந்துகொடுக்கும். இது அப்படியில்லை, சின்னக் காற்றுக் குழல்களில் ஏறிவிட்ட தழும்பு என்று அங்கிருந்த மருத்துவர் விளக்கினார்.

இவன் ஒருவனின் கதையாக இருந்தால் ஆசிரியரைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, உகாண்டா ஆகிய நாடுகளில் இப்படிப் பிறந்து வளர்ந்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். நாள்பட்ட நுரையீரல் பாதிப்பு, இதயத்தில் மாற்றங்கள், ரத்தக் குழாய்ச் சுவர் தடித்தல், வளர்ச்சிக் குறைவு என்று பட்டியல் நீள்கிறது, மருந்து சாப்பிடுகிற பிள்ளைகளிடமும்தான். இதற்கெல்லாம் அடியில் ஓடுகிற ஒரு காரணமாக மருத்துவர்கள் சொல்வது நாள்பட்ட அழற்சி, அதாவது எதிர்ப்புச் சக்தி அடங்காமல் உள்ளுக்குள் கொதித்துக்கொண்டே இருப்பது.

நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். மருந்து வைரஸைப் பெருகவிடாமல் தடுக்கிறது, உடம்பைவிட்டுத் துடைத்தெடுப்பதில்லை. நிணநீர்க் கணுக்களிலும் குடலிலும் சில செல்களுக்குள் அது பதுங்கியே கிடக்கும். தொற்றிய முதல் சில வாரங்களிலேயே குடலை ஒட்டியிருக்கும் சிடி4 செல்களில் பெரும்பகுதி அழிந்துபோகிறது. பிறகு மருந்து தொடங்கினாலும் அந்தக் காவல் முழுசாகத் திரும்புவதில்லை. குடலுக்குள்ளேயே இருக்க வேண்டிய கிருமிகளின் துணுக்குகள் ரத்தத்தில் கசிகின்றன. 2006இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். கூடவே சைட்டோமெகலோ வைரஸ் மாதிரியானவை வேறு. ஏழை நாடுகளில் கைக்குழந்தைப் பருவத்திலேயே ஒட்டிக்கொண்டு ஆயுளுக்கும் உள்ளே தங்கிவிடும். ஆக, எதிர்ப்புச் சக்திக்கு ஓய்வே கிடையாது. கலவரம் அடங்கி மாதக்கணக்கான பிறகும் தெருவுக்குத் தெரு பந்தோபஸ்து போலீஸ் நின்றால் ஊர் எப்படி இருக்குமோ, உடம்பு அப்படி இருக்கிறது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, வீக்கம் கண்ணில் படாது. ரத்தத்தில் அழற்சியைக் காட்டிக்கொடுக்கும் சி.ஆர்.பி., இன்டர்லூகின்-6, டி-டைமர் போன்றவற்றின் அளவு சற்றே கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். அந்தச் 'சற்றே' பல வருடம் நீடிப்பதுதான் பிரச்சினை.

முப்பது வயதில் தொற்று வந்தவருக்கு நுரையீரலும் எலும்பும் ரத்தக் குழாயும் வளர்ந்து முடிந்துவிட்டிருக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் வளர்ந்ததே அழற்சிக்கு நடுவில்தான். அதிலும் நம் பிள்ளைகளில் மூத்தவர்கள் மருந்துக்காகக் காத்திருந்த தலைமுறை. நம் நாட்டில் இலவசக் கூட்டு மருந்து வந்தது 2004 ஏப்ரல் 1ஆம் தேதி. முதலில் தொடங்கிய சில மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. குழந்தைகளுக்கான மருந்துத் திட்டமோ 2006 கடைசியில்தான் வந்தது. சிகிச்சை இல்லாவிட்டால், தொற்றோடு பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. பச்சிளம் பருவத்திலேயே மருந்து தொடங்கினால் இறப்பு 76 சதவீதம் குறைகிறது என்று தென்னாப்பிரிக்க ஆய்வு ஒன்று சொன்னது 2008இல்தான். அதற்கு முன் பிறந்து, மருந்தில்லாமல் ஐந்தாறு வருடம் தாக்குப்பிடித்து, பிறகு எங்களிடம் வந்து சேர்ந்தவர்கள் இவர்கள். இன்றைக்கு டி.என்.டி. என்று வருகிற காகிதத்தில் அந்த ஐந்தாறு வருடங்கள் தெரியாது.

சரி, அழற்சியை அடக்க மாத்திரை உண்டா என்றால், இந்த வயதுக்கென்று உறுதியாக நிறுவப்பட்டது எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. ஜிம்பாப்வேயின் ஹராரேயிலும் மலாவியின் பிளாண்டயரிலும், தொற்றோடு பிறந்து நாள்பட்ட நுரையீரல் நோயும் உள்ள, 6 முதல் 19 வயது வரையிலான 347 பேருக்கு ஒரு சோதனை நடத்தினார்கள். அழற்சியைத் தணிக்கும் குணமும் கொண்ட அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை ஒரு பிரிவினருக்கு வாரம் ஒரு தடவை 48 வாரம் கொடுத்தார்கள். 2020இல் முடிவு வந்தது. திடீரென்று சளி முற்றி மூச்சுத் திணறுவது குறைந்தது, நுரையீரலின் திறனோ கூடவில்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் நடந்து 2023இல் வந்த இன்னொரு பெரிய ஆய்வில், கொழுப்பைக் குறைக்கும் பிடவாஸ்டாட்டின் மாத்திரை மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை 35 சதவீதம் குறைத்தது. உற்சாகமான செய்திதான். ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் 40 வயதிலிருந்து 75 வரை. பதினாறு வயதுப் பெண்ணுக்கு அதை வைத்து யாரும் சீட்டு எழுத முடியாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'மாத்திரை சாப்பிட்டும் உள்ளே அழற்சி இருக்கிறதாமே, அப்படியென்றால் எதற்குச் சாப்பிட வேண்டும்' என்று எந்தப் பிள்ளையும் நினைத்துவிடக் கூடாது. இந்த வயதில் மாத்திரையை நிறுத்துவதற்குக் காரணம் தேடிக்கொண்டே இருப்பார்கள், அது எனக்கு நன்றாகத் தெரியும். ஹாஸ்டலில் அறைத் தோழன் கேட்பான், காதல் வரும், 'எனக்கு மட்டும் ஏன்' என்ற கோபம் வரும். 2006இல் வெளியான ஸ்மார்ட் ஆய்வு பெரியவர்களிடம் நடந்ததுதான், ஆனாலும் பாடம் பொதுவானது. சிடி4 நன்றாக இருக்கிறது என்று மருந்தை இடையிடையே நிறுத்தியவர்களிடம் தீவிர நோயோ இறப்போ நேர்ந்தது மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். இதயம், சிறுநீரகம், கல்லீரல் பாதிப்புகளும் அதிகம். நிறுத்தினால் அழற்சி எகிறுகிறது, சாப்பிட்டால் குறைகிறது. முழுசாக அணையவில்லை என்பது மட்டுமே இங்கே பேச்சு.

இன்டர்லூகின் பரிசோதனையை மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. சி.ஆர்.பி.கூட ஒரு சாதாரண ஜலதோஷத்துக்கு ஏறிவிடும், அதை வைத்துப் பிள்ளையைப் பயமுறுத்தத்தான் முடியும். நான் கேட்பதெல்லாம் சாதாரணமானவை. வைரல் லோடு முடிவைப் பார்த்ததோடு மூடிவிடாமல் ஸ்டெதாஸ்கோப்பை ஒரு தடவை முதுகில் வையுங்கள். உயரத்தை ஒவ்வொரு வருடமும் குறியுங்கள். ரத்த அழுத்தம் பாருங்கள், பதினைந்து வயதுதானே என்று விட வேண்டாம். மாடி ஏறினால் இளைக்கிறதா, கூட நடக்கிற நண்பர்களோடு ஈடுகொடுக்க முடிகிறதா என்று கேளுங்கள். இளைக்கிறது என்றால் வருடம் ஒரு தடவையாவது ஊதிப் பார்க்கும் சோதனைக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு தடவை இருமலுக்கும் காசநோய் மருந்தை நினைக்கிறோம், நினைக்கத்தான் வேண்டும். ஆனால் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்த பிறகும் மூன்றாவது தடவையாக அதே மருந்தைத் தொடங்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே வேறொரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் வேலை உண்டு. சிறு வயதில் எத்தனை தடவை நிமோனியா, எப்போது காசநோய், எந்த வயதில் மருந்து தொடங்கியது என்பதெல்லாம் பாட்டிகளின் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. பிள்ளை படிக்கவோ வேலைக்கோ திருப்பூருக்கும் சென்னைக்கும் போகும்போது மையம் மாறும், இப்போது சாப்பிடும் மாத்திரையின் பெயர் கூடவே போகும், பழைய கதை போகாது. அதைச் சிகிச்சைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பட்டறையில் வேலைக்குச் சேரும் பையன்கள் பீடி, சிகரெட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வது, நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசிகளைப் பற்றி மருத்துவரிடம் கேட்பது, இவற்றுக்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வர வேண்டியதில்லை.

ஒரு நெஞ்சு நோய் மருத்துவரையும், குழந்தைகளுக்குக் கூட்டு மருந்து கொடுத்து அனுபவப்பட்ட ஒரு மருத்துவரையும் பேசவைத்து, உங்கள் கட்டுரையின் இரண்டாம் பகுதியாக வெளியிட்டால் இந்தப் பிள்ளைகளின் வீடுகளுக்கு உதவும். என் பெயரை மட்டும் போட வேண்டாம். நான் எங்கே வேலை பார்த்தேன் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், என்னிடம் வந்து போனவர்கள் யார் என்று தேடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தேனி மாவட்டம்