திரும்பிப் போனபோதும் கைவிடாதவர்களுக்கு

லைன் வீட்டு அக்காவுக்கும், பையனின் டீச்சருக்கும், அன்றைக்கு இரவு டியூட்டியில் இருந்த நர்ஸுக்கும் டாக்டருக்கும், கலெக்டர் ஆபீஸ் மேடத்துக்கும், வக்கீலம்மாவுக்கும், பட்டறை அண்ணனுக்கும், மலையில் இருக்கும் என் அப்பா அம்மாவுக்கும் தம்பிக்கும் வணக்கம்.

யார் பெயரையும் எழுதவில்லை. என் கணவர் மேல் போட்ட வழக்கு இன்னும் முடியவில்லை. உங்கள் வாசலில் வந்து யாரும் சத்தம் போடக் கூடாது. படித்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். நேரில் நன்றி சொல்ல வாயெடுத்தால் அழுகைதான் முந்திக்கொள்கிறது, அதனால் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும். கஷ்டப்படுகிற பெண்ணுக்கு எப்படி உதவுவது என்று நிறைய பேருக்குத் தெரிவதில்லை. உங்களுக்குத் தெரிந்திருந்தது.

முதலில் அக்கா. சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். என் வீட்டுக்காரர் குரல் ஏறினாலே போதும், கையில் டம்ளரோடு வந்து கதவைத் தட்டுவீர்கள். “கண்ணு, கொஞ்சம் சக்கரை இருக்கா?” சக்கரையை வாங்கியதும் போக மாட்டீர்கள். வாசப்படியில் நின்றபடி ரேஷனில் பருப்பு வந்துவிட்டதா, தண்ணி எப்போது விடுவார்கள் என்று பேசிக்கொண்டே இருப்பீர்கள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போகிற வரைக்கும் அந்தப் பேச்சு ஓடும். புருஷன் பொண்டாட்டி சண்டையில் நமக்கென்ன என்று ஜன்னலைச் சாத்திய தெருவில் நீங்கள் ஒருவர்தான் தட்டினீர்கள். அவரை நீங்கள் ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டியிருந்தால் அந்தக் கோபம் ராத்திரி என் மேல்தான் இறங்கியிருக்கும். அதை யார் சொல்லித் தந்து தெரிந்துகொண்டீர்களோ.

உங்கள் அரிசி டிரம்முக்குள் என் மஞ்சப்பை இருந்தது. ஆதார், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், பையனின் பிறப்புச் சான்று, பேங்க் பாஸ்புக், ஒரு மாற்றுத்துணி, கொஞ்சம் பணம். எப்போது கிளம்பப் போகிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. “இங்கதான் இருக்கு” என்று மட்டும் சொல்வீர்கள். முதல் தடவை அந்தப் பையை எடுத்துக்கொண்டு ஏற்காட்டுக்கு பஸ் ஏறினேன். பின்னாடியே அவரும் வந்தார், அப்பா காலில் விழுந்து அழுதார், பையனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். திரும்பி வந்தேன். பையன் அப்பாவைக் கேட்டான், என் கையில் சம்பளம் கிடையாது, அவர் மாறுவார் என்று நம்பவும் மனசு ஆசைப்பட்டது. வந்து நின்ற என்னைப் பார்த்து நீங்கள் முகம் சுளிக்கவில்லை, அக்கா. பையை வாங்கி மறுபடியும் டிரம்முக்குள் வைத்துவிட்டு “சாப்டியா?” என்று கேட்டீர்கள்.

இந்த மடலை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். இத்தனை சொல்லியும் அவனிடமே போனாளே என்று கோபித்துக்கொண்டு ஒதுங்கியவர்களும் உண்டு. அவர்கள் என் நல்லதுக்குத்தான் கோபப்பட்டார்கள். ஆனால் அடுத்த தடவை அவர்கள் வீட்டுக் கதவைத் தட்ட எனக்கு வாய் வரவில்லை. பல பெண்கள் ஒரே தடவையில் வெளியே வந்துவிடுவதில்லை, போவதும் வருவதுமாகத்தான் கடைசியில் ஒருநாள் நிலைக்கிறது என்று வக்கீலம்மா பிற்பாடு சொன்னார்கள். அதுவரைக்கும் கோபப்படாமல் இருக்க ஒரு ஆள் வேண்டும்.

பட்டறை அண்ணா, வீட்டில் உட்கார்ந்து கொலுசுக்குக் கண்ணி கோர்த்தது நான், சனிக்கிழமை கூலியை வாங்கியது அவர். எங்கள் பக்கம் இது வழக்கம்தானே என்று நானும் இருந்தேன். எப்போது கவனித்தீர்களோ, “வேல செஞ்ச கைலதான் கொடுப்பேன், கணக்குல எழுதணும்” என்று பொதுவாகப் பட்டறையில் எல்லாருக்கும் சொல்லிவிட்டீர்கள். எனக்காக என்று அவருக்குத் தோன்றாதபடி செய்தீர்கள் பாருங்கள், அது பெரிய மனசு. 2005-ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில், அடி உதை மட்டும் இல்லை, கேவலமாகப் பேசுவது, மிரட்டுவது, விருப்பமில்லாமல் தொடுவது, செலவுக்குக் கொடுக்காமல் வைப்பது, சம்பாதித்ததைப் பிடுங்குவது எல்லாமே வன்முறைதான். அது எனக்கு அப்போது தெரியாது. அடிக்காத நாளெல்லாம் நல்ல நாள் என்று நினைத்திருந்தேன். போனை அவர் வாங்கிப் பார்ப்பார், அம்மாவிடம் ஸ்பீக்கர் போட்டுத்தான் பேசணும், கடைக்குப் போனால் எத்தனை நிமிஷம் ஆச்சு என்று கேட்பார். அதெல்லாம் அக்கறை என்றுதான் முதலில் பட்டது.

டீச்சர், பையன் வகுப்பில் பேச்சை நிறுத்தியதையும், யாராவது கையை ஓங்கினால் தலையை மூடிக்கொண்டதையும் முதலில் பார்த்தது நீங்கள். ஹோம்வொர்க் பற்றிப் பேசணும் என்று என்னை வரச் சொல்லி, ஸ்டாஃப் ரூமில் உட்கார வைத்து, உங்கள் போனை நீட்டினீர்கள். பெண்கள் உதவி எண் 181-க்கு நான் பேசியது அந்த போனில்தான். பேசி முடிக்கிற வரைக்கும் நீங்கள் வெளியே வராண்டாவில் நின்றீர்கள். என்ன பேசினேன் என்று இன்றுவரை கேட்கவில்லை.

இரண்டாவது தடவை நான் வீட்டை விட்டு வந்தது அவர் என் கழுத்தைப் பிடித்த அன்றைக்கு. அக்கா ஆட்டோ பிடித்து வந்தார்கள், ஆஸ்பத்திரிக்கு அவரும் கூடவே வந்துவிட்டார். “மாடிப்படில விழுந்துட்டா” என்று அவரே சொல்ல, நானும் தலையாட்டினேன். நர்ஸ் அக்கா, “ஊசி போடணும், ஆம்பளைங்க வெளிய இருங்க” என்று அவரை அனுப்பிவிட்டுத் திரையை இழுத்தீர்கள். அப்புறம் ரொம்ப மெதுவாக, “வீட்ல பயமா இருக்கா?” என்று கேட்டீர்கள். யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை.

டாக்டர், உங்களுக்கும் சொல்லணும். முழுங்கும்போது வலிக்கிறதா, குரல் மாறியிருக்கிறதா, நடுவில் நினைவு தப்பியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள். வெளியே தடம் தெரியாவிட்டாலும் உள்ளே காயம் இருக்கலாம் என்று இரவு முழுக்க வைத்துப் பார்த்தீர்கள். காயத்தோடு வருகிறவர்களைப் பதிகிற ஆக்ஸிடென்ட் ரிஜிஸ்டரில் ‘விழுந்ததாக’ என்று எழுதாமல், நான் சொன்னதை அப்படியே, கணவர் கையால் கழுத்தை நெரித்ததாக என்று எழுதினீர்கள். கோர்ட்டில் நின்றது அந்த ஒரு வரிதான். “ஒரு தடவ கழுத்துல கை வச்சவங்க அடுத்த தடவ உயிரையே எடுக்கிற ஆபத்து பல மடங்கு அதிகம்மா” என்று நீங்கள் சொன்னதைக் கேட்ட பிறகுதான் நான் திரும்பிப் போகவில்லை.

ஒரு ஸ்டேஷனில் சமாதானமாகப் போகச் சொல்லி எழுதி வாங்கினார்கள். அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

கலெக்டர் ஆபீஸ் மேடம், பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் நம் மாவட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், போலீசுக்குப் போகாமலும் அவரிடம் நேரே போகலாம் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. என் பேச்சு முன்னும் பின்னுமாக இருந்தது. நீங்கள் அவசரப்படாமல் சம்பவ அறிக்கையை எழுதி, வாசித்துக் காட்டி, “இது சரியா?” என்று கேட்டுத்தான் கையெழுத்து வாங்கினீர்கள். தங்க இடமும் பார்த்துக் கொடுத்தீர்கள்.

வக்கீலம்மா, சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், வக்கீல் இலவசம் என்று நீங்கள் சொன்னபோது நான் நம்பவில்லை. ஒரு டீக்குக்கூட என்னைக் காசு கொடுக்க விட்டதில்லை. அஸ்தம்பட்டி கோர்ட் வாசலில் வாய்தா வாய்தாவாக என்னோடு நின்றீர்கள். இப்போது இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு கையில் இருக்கிறது. பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை என்பது அவருக்கும் தெரியும். எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று ஒருநாள் அழுதபோது, 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைக் காட்டினீர்கள். தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். நாடு முழுக்கப் பார்த்தால் அப்படிப்பட்டவர்களில் நூற்றுக்கு 14 பேர்தான் யாரிடமாவது உதவி கேட்டிருக்கிறார்கள். அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது பக்கத்து சீட்டுகளை எண்ணிக்கொண்டே வந்தேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லாமல் இருப்பதும் சின்ன விஷயமில்லை. கையில் பத்து ரூபாய் இல்லாதவள் கோர்ட் வரைக்கும் வர முடிகிறது.

உடம்பு இன்னும் முழுசாகத் தேறவில்லை. பைக் சத்தம் வாசலில் நின்றால் வயிறு பிசைகிறது, தூக்கம் துண்டு துண்டாகத்தான் வருகிறது. நாளாகும், ஆனால் சரியாகும் என்று கவுன்சலிங் மேடம் சொல்லியிருக்கிறார்கள். பையன் இப்போது வகுப்பில் வாய் ஓயாமல் பேசுகிறானாம்.

அப்பா, எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்து என்னைப் பிளஸ் டூ வரைக்கும் படிக்க வைத்தீர்கள். ஊர் என்ன பேசும் என்று பெரியவர்கள் இழுத்தபோது, “எம் பொண்ணு உசுரோட இருக்கட்டும், ஊரு பேசட்டும்” என்று எழுந்து நின்றீர்களே, அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அம்மா மிளகும் காப்பித்தூளும் தம்பியிடம் கொடுத்தனுப்புவதை நிறுத்தவே இல்லை, நான் திரும்பிப் போயிருந்த மாதங்களிலும்.

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு நீங்கள் எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வரணும். அப்பாதான் அழைக்கச் சொன்னார். அக்கா, பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். எந்த பஸ் என்று முன்னாடியே சொல்லிவிட்டால் தம்பி ஏற்காடு ஒண்டிக்கடையில் வந்து நிற்பான்.

இப்படிக்கு,
உங்கள் கொலுசுக்காரப் பொண்ணு